மெஷினா அப்பாவா

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் அப்பா ஓட்டிய பஸ் திரும்பத் திரும்ப எதன்மீதாவது மோதியது. அதற்குக் காரணம் மெஷினா அப்பாவா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். வீட்டில் நாங்கள் மூன்று பேர், அந்த வாரம் மூன்று பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

அப்பா நிஜத்திலும் பஸ் டிரைவர்தான். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி போகிற தனியார் பஸ். முப்பது வருஷம் ஒரே முதலாளி, ஒரே ரூட். எந்த ஸ்டாப்பிங்கில் எந்தப் பிள்ளை கடைசி நேரத்தில் ஓடி வந்து ஏறும் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்தார், எடுக்க முடியவில்லை. நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சீக்கிரமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதால் பிழைத்தோம். வலது கையும் வலது காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. ஆறாவது மாதம் தனியாகக் கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தார், பாக்கெட்டில் ஒன்று ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். அப்பா தேறிவிட்டார் என்று அன்றைக்குத்தான் நான் நம்பினேன்.

டாக்டரும் தேறிவிட்டார் என்றே எழுதிக் கொடுத்தார். ஆனால் பெரிய வண்டி எடுப்பதற்கு முன்னால் பழைய வேகம் வந்துவிட்டதா என்று நீங்களே நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னார். முதலாளி அதற்கும் ஒரு படி மேலே போனார். அவருக்கு எந்தப் பரீட்சையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா போன் போட்டு வருகிறேன் என்றால் திங்கட்கிழமை முதல் டிரிப் அப்பாவுடையது. முடியாது என்றால், இப்போது மாற்றாக ஓட்டுகிறவரையே வைத்துக்கொள்வார். முப்பது வருஷம் பார்த்த மனுஷன், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். இத்தனை நம்பிக்கை வைத்தால் மனுஷன் எங்கே தூங்குவான்?

கம்ப்யூட்டர் என்னுடையது. கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஊரில் நாலைந்து ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களை அனுப்புவார்கள், நான் வீட்டிலிருந்தே செய்து அனுப்புவேன். பெரிய பெரிய படங்களைத் திறக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நல்ல மெஷினாகவே வாங்கியிருந்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி மாடத்துக்குக் கீழே அதற்கு இடம். வேறு இடத்தில் பிளக் பாயின்ட் இல்லை.

விளையாட்டு வந்ததே காலுக்காகத்தான். ரப்பர் பந்தை மிதிக்கச் சொல்லி உடற்பயிற்சி கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாளே பந்தை உதைத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டார். அந்தச் சமயத்தில் ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் கிடைத்தன. விளையாட்டில் நம் பக்கத்து பஸ்ஸையே யாரோ அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தார்கள். ரோடு மட்டும் இந்தோனேசியாவாம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ரோட்டோரம் தென்னை மரம், குறுக்கே டூவீலர். அப்பா முதலில் இது என்ன பொம்மை என்றார். பத்து நிமிஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பஸ்ஸில் உட்காருகிற மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார். வெறுங்காலில் ஓட்டினால்தான் அவருக்கு வண்டி பேசும். பெடல் வழுக்காமல் இருக்க அதன் பின்னால் ஒரு செங்கல்லை வைத்துச் சுவரோடு அணைத்திருந்தோம்.

அது விளையாட்டாக இருந்தது கொஞ்ச நாள்தான். முதலாளியிடமிருந்து போன் வந்த பிறகு அவர் விளையாடவில்லை, தன்னைத்தானே பரீட்சை செய்துகொண்டிருந்தார். காலையில் ஒரு டிரிப், மதியம் ஒரு டிரிப். நடுவில் யாராவது பேசினால் முறைப்பார். அப்படி ஓட்டிய ஒரு திங்கட்கிழமை மதியம், இடது பக்கச் சந்திலிருந்து ஒரு டூவீலர் குறுக்கே வந்தது. பஸ் நிற்கவில்லை. திரையில் அந்த வண்டி தூக்கி எறியப்பட்டு ரோட்டோரம் போய் விழுந்தது.

அப்பா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது தொடையின்மேல் கையை வைத்தார். "கால் போவலைம்மா," என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. படம் நின்றது, நீங்கள் இல்லை, மெஷின்தான் என்று அடித்துச் சொன்னேன். எனக்கு அது தெரியும் என்பதால் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் சொன்னேன். பிறகு சொன்னதற்கு ஆதாரம் தேடினேன். ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஒரு எண்ணைக் காட்ட வைக்கலாம். அறுபது இருந்தால் வழவழவென்று ஓடும். வைத்துப் பார்த்தபோது முதல் பத்து நிமிஷம் ஐம்பதுக்கு மேல் இருந்தது, அப்புறம் முப்பது, இருபது, பதினெட்டு என்று இறங்கியது. நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. பாருங்கள், பாருங்கள் என்று கத்தினேன்.

அப்பா அந்த எண்ணை ஸ்பீடாமீட்டரைப் பார்க்கிற கண்ணால் பார்த்தார். "அத அறுபதுல நிக்க வை. நின்னா ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கறேன். அப்புறம்தான் மொதலாளிக்கு போன்," என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை என் ஆல்பம் வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஆளாளுக்கு வீடியோ போட்டிருக்கிறார்கள். நிழலைக் குறை என்றார் ஒருவர், குறைத்தேன். மரத்தடி நிழல் போய் ரோடு மொட்டை வெயிலாகிவிட்டது, எண் கொஞ்சம் ஏறியது. மெஷின் திறக்கும்போதே தானாக எழுந்திருக்கிற உதவாக்கரை மென்பொருள்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார் இன்னொருவர். பதினோரு உதவாக்கரைகளை நிறுத்தினேன். மின்சாரத்தைச் சேமிக்கிற நிலையில் மெஷின் இருந்தது, அதை மாற்றினேன். பஸ்ஸின் பக்கக் கண்ணாடிகளில் தெரிகிற காட்சியை வரைவதற்கே மெஷினுக்குப் பாதி சக்தி போகிறதாம், கண்ணாடியை அணைத்துவிட்டால் எண் எகிறும் என்று படித்தேன். அணைத்தேன், எகிறியது. அப்பா வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். கண்ணாடி இல்லாமல் எந்த மடையன் வண்டி எடுப்பான், பின்னால் வருகிறவன் உன் சித்தப்பனா என்று கேட்டார். மறுபடி கண்ணாடியைப் போட்டேன், எண் விழுந்தது.

புதன்கிழமை செய்தது என் வாழ்நாளின் பெரிய முட்டாள்தனங்களில் ஒன்று. மெஷினின் படம் வரைகிற அட்டையை இயக்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதைப் புதுப்பிப்பது எப்படி என்று ஒரு வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டிருந்தேன். "பழைய டிரைவரைத் தூக்கிட்டு புதுசு போடுங்க, அப்புறம் பாருங்க" என்று அதில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். அப்பா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஓடிப்போய், அது வேறப்பா, அது மென்பொருள் என்று விளக்கினேன். தெரியும்மா என்றார். தெரியும் என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. புதிய டிரைவரைப் போட்டதில் எண் இரண்டோ மூன்றோதான் ஏறியது.

வியாழக்கிழமை தேரடி வீதியில் ஒரு கடைக்குப் போய் மெமரி வாங்கி வந்து மாட்டினேன். ஆல்பம் வேலைக்கும் ஆகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். படம் சீக்கிரம் திறந்தது. அப்பாவை உட்காரச் சொன்னேன். பத்து நிமிஷம் அருமையாக ஓடியது. பதினோராவது நிமிஷம் அதே திக்கல், அதே மோதல். இந்த முறை அப்பா வலது காலைத் தூக்கி இடது முழங்காலின்மேல் போட்டுக்கொண்டு பாதத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் காட்ட முடியாத கோபத்தை மேஜையை அடித்துத் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. எங்கள் தெருமுனையில்தான் கிரிவலப் பாதை. பௌர்ணமி என்றால் காலையிலிருந்தே கடைகள் முளைக்கும், ஒவ்வொரு கடைக்கும் லைட்டு, மைக்கு. வீட்டில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றும், கரண்ட்டுக்கே மூச்சு வாங்கும். கம்ப்யூட்டரைப் போட்டால் யூபிஎஸ் கீச்சுகீச்சென்று கத்தியது. அணைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் லட்சம் கால்கள் நடந்து போகின்றன, என் அப்பாவின் ஒரு கால் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அம்மா வெள்ளிக்கிழமை வழக்கப்படி மாடத்தில் சாம்பிராணி போட்டாள். புகையில் இருமிக்கொண்டே அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலை கூட்டம் வடிந்து கரண்ட் சீரானது. இப்போதாவது நிதானமாக யோசிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எப்போதும் முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, அப்புறம்தான் திக்குகிறது. அமைப்பில் கோளாறு என்றால் முதல் நிமிஷமே திக்க வேண்டாமா? பத்து நிமிஷத்தில் என்ன மாறுகிறது என்று கேட்டுக்கொண்டதும் பதில் வந்துவிட்டது. சூடு. மெஷின் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்ணுக்குப் பக்கத்தில் சூட்டையும் காட்ட வைத்தேன். ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூற்றாறு டிகிரியில் நின்றது, அந்த நிமிஷமே படம் திக்கியது. சூடு எங்கே வெளியேறுகிறது என்று பார்க்க மேஜைக்குக் கீழே கையை விட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையைத் தடவினேன். கையில் பூ அகப்பட்டது.

கனகாம்பரம். அதற்குக் கீழே மடித்துப்போட்ட சிவப்புத் துணி.

அந்தப் பூவை மாதக்கணக்காகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா வேலைக்குப் போன காலத்தில் அம்மா காலையில் பஸ்ஸுக்கென்று ஒரு முழம் கட்டிக் கொடுப்பாள், அவர் அதைக் கண்ணாடிக்கு மேலே உள்ள சாமி படத்துக்குப் போட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். படுத்த பிறகும் அம்மாவின் கை நிற்கவில்லை, பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங் வந்ததும் அப்பா அந்தப் பூவை வாங்கிக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் வைக்க ஆரம்பித்தார். பூ நழுவக் கூடாது என்று அடியில் ஒரு துணி. சூடான காற்று மேலே போவதற்காக வைத்திருக்கும் சல்லடை முழுக்க அந்தத் துணி மூடியிருந்தது. எங்கள் ஊரில் எந்த மெஷினுக்குத்தான் பூ இல்லை? தையல் மெஷின், மாவு மில், டிராக்டர், பேங்க்கில் பணம் எண்ணுகிற மெஷின், எல்லாவற்றுக்கும் உண்டு. அதனால் அது என் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. வீடியோ போட்டவர்கள் ஆயிரம் யோசனை சொன்னார்கள், பூவை எடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னக் கோயிலே இருந்தது. சல்லடை வழியாக விழுந்த கனகாம்பர இதழ்கள் காய்ந்து, படம் வரைகிற அட்டையின் விசிறியில் சுருண்டு கிடந்தன. தகடெல்லாம் சாம்பிராணிக் கரி, அதன்மேல் கிரிவலப் பாதையின் புழுதி. காற்று உள்ளே போகிற முன்பக்க ஓட்டைகளில் போன ஆயுதபூஜைக்கு அம்மா அப்பிய சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டு அது ஓடியதே பெரிய விஷயம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. பூதான் காரணம். ஒரு முழம் கனகாம்பரம். அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், இனிமேல் அந்தப் பெட்டிப் பக்கம் பூ, புகை, சந்தனம் எதுவும் வரக் கூடாது, மெஷின் செத்துக்கொண்டிருந்தது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அது அப்படியே இருந்துட்டுப் போனா இன்னாடி?" என்றாள்.

என்ன பேச்சு இது என்று எனக்குச் சுரீரென்றது. புருஷன் திரும்ப வேலைக்குப் போவதில் உனக்கு விருப்பமில்லையா என்று கேட்டேன். அவள் கீரையை முறத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதாகியும் அம்மா சொல்வதில் பாதி எனக்குப் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

மதியம்வரை பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன். இதழ்களைச் சாமணத்தால் எடுத்தேன். சந்தனத்தைக் குண்டூசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி உதிர்த்தேன். கடையில் ஒரு சாம்பல் நிறப் பசை வாங்கி வந்து, சூட்டை இழுக்கிற தகட்டுக்கு அடியில் புதிதாகப் பூசினேன். மூடிவிட்டு, பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே காற்றில் வைத்து, ஒரு மணி நேரம் நானே பஸ் ஓட்டினேன். நான் ஓட்டினால் பஸ் வயலுக்குள் போகும், அது வேறு. சூடு அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. எண் அறுபதில் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. நிழலையும் மறுபடி போட்டேன், அப்போதும் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்து, ஜில்லுனு இருக்கே என்றார். இப்போதே உட்காருங்கள் என்றேன். நாளைக்கு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் அப்பா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பைச் சுவரோரம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலையில் அம்மா தரையைத் துடைத்திருந்ததால் செங்கல் வழுக்கியது. நான் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பெடல் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து எனக்குத் திரை தெரியாது. இன்ஜின் சத்தம் கேட்டது, அப்பாவின் இரண்டு பாதங்களும் முகத்துக்கு நேரே இருந்தன. நான் கேட்காமலேயே அவர் எண்ணைப் படித்துச் சொன்னார். "அறுபது."

கால் மணி நேரம் அழகாக ஓட்டினார். கிளட்ச்சை அவர் விடுகிற விதம் எனக்குப் பிடிக்கும், தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து இறக்குகிற மாதிரி விடுவார். ஸ்டாப்பிங்கில் நிறுத்தினார், எடுத்தார். இருபது நிமிஷம் தாண்டியும் திக்கல் இல்லை. மறுபடி, அறுபது என்றார். குரலில் ஒரு தெம்பு. நாளைக் காலை அம்மா அவருக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய டிபனைப் பற்றிக்கூட நான் யோசித்துவிட்டேன்.

அப்போது மேலே, "டேய்," என்றார் அப்பா.

ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் டிரைவர்கள் வாயில் தானாக வருகிற சொல் அது. அவர் கண் பார்த்துவிட்டது, வாய் திட்டிவிட்டது. என் கண் எதிரே வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது, எழுந்தபடியே நின்றது. பிறகு பிரேக்கைத் தேடியது. செருப்பைப் பார்க்காமல் காலாலேயே துழாவுவோமே, அப்படி. பெடலின் ஓரம் விரலில் பட்டது, பாதம் நகர்ந்தது, அப்புறம்தான் மிதித்தது. மிதித்த மிதி பலமான மிதிதான், என் கை இரண்டும் அதிர்ந்தன. ஆனால் அதற்குள் மேலே மோதிய சத்தம் கேட்டுவிட்டது.

அப்பா வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினார். நான் பெடலைப் பிடித்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு "டேய்". கால் எழுந்தது, நின்றது, துழாவியது, மிதித்தது. இந்த முறை மோதவில்லை, நூலிழையில் நின்றிருக்க வேண்டும், அவர் மூச்சை விட்டது கேட்டது. மூன்றாவது முறை மறுபடி மோதல். மூன்று முறையும் வாய்க்கும் காலுக்கும் நடுவில் அதே இடைவெளி. ஒரு நொடிகூட இருக்காது. நடக்கும்போது அது தெரியாது, படி ஏறும்போது தெரியாது, பால் வாங்கிக்கொண்டு வரும்போது தெரியாது. இத்தனை நாள் படம் திக்கிய திக்கலுக்குள் அது ஒளிந்துகொண்டிருந்தது. நான் ஆறு நாள் பாடுபட்டுத் திக்கலை எடுத்துவிட்டேன், அது வெளியே வந்துவிட்டது.

முந்தின நாள் அம்மா என்ன சொன்னாள் என்று மேஜைக்குக் கீழே உட்கார்ந்தபடி எனக்குப் புரிந்தது. பழி பூவோடு போகட்டும், அவர் காலுக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இன்ஜின் சத்தம் நின்றது. அப்பா குனிந்து என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அறுபதுலதான் இருக்குது," என்றார். பிறகு, "மெஷின் வேற எதுனா பண்ணுதாம்மா?" என்று கேட்டார்.

அவர் தன் காலைப் பார்க்கவே இல்லை. டிரைவர் எவனும் ஓட்டும்போது காலைப் பார்க்க மாட்டான். அந்த இடைவெளியை உலகத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆமாம்ப்பா, ஸ்டியரிங் பழசு, வெளிநாட்டுக்காரர் போட்டு உழப்பியது, பெடல் தாமதமாகச் சொல்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர் நம்புவார். நம்புவதற்குத் தயாராகத்தான் கேட்டார். அரை மணி நேரத்தில் முதலாளிக்கு போன் போடுவார், நாளைக் காலை காக்கிச் சட்டையில் வாசலில் நிற்பார், இந்த வீடு பழைய வீடாகிவிடும். சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாயெல்லாம் ஊறியது.

நான் அந்த முதல் டிரிப்பில் கல்லூரிக்குப் போனவள். பாதி பேர் நின்றுகொண்டு வருவார்கள். இன்ஜின் மேல்கூட நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். கீழ்பென்னாத்தூர் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல், எந்த வரப்பிலிருந்து எந்த டூவீலர் ரோட்டுக்கு ஏறும் என்று சொல்ல முடியாது.

மேஜைக்குக் கீழேயிருந்து வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை. அவர் பாதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"மெஷின் சரியா இருக்குதுப்பா. கால்தான் லேட்டா போவுது."

பாதம் என் கைக்குள் அசையவில்லை. "எவ்ளோ?" என்று கேட்டார். எனக்கு அளந்து சொல்லத் தெரியவில்லை. நீங்கள் டேய் என்று சொல்லி முடித்த பிறகுதான் கால் போகிறது என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சொல்லுக்குள் பஸ் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியாதா?

நான் எழுந்து நின்றபோது அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தையும் அப்பாவின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா தண்ணீரைக் குடித்தார். சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். முதலாளி எடுத்ததும் வணக்கம் சொல்லி, அந்த ஆளையே வைத்துக்கொள்ளுங்கள், நான் வரவில்லை என்று சொன்னார். அந்தப் பக்கம் முதலாளி விடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாரே, அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

எப்படியாவது என் பெயர் அந்தப் பேச்சில் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தலை சுற்றுகிறது என்றோ, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றோ சொல்லியிருக்கலாம். அப்பா ஸ்டியரிங்கின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரையோ சிபாரிசு செய்கிற குரலில், நிதானமாகச் சொன்னார்.

"என் பொண்ணு பாத்துட்டு சொல்லிச்சி மொதலாளி. அது சொன்னா கரெக்டா இருக்கும்."